43ஐ அழுத்துங்கள்: இத்தாலிக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ராய் யோயோ வழிகாட்டி

பலெர்மோவுக்குப் புதிதாக வந்து சேரும் குடும்பங்கள் என்னிடம் கேட்பவற்றில், பெர்மெஸ்ஸோவுக்கு (இங்கே தங்குவதற்கான அனுமதிக்கு) அடுத்தது பெரும்பாலும் பிள்ளையின் இத்தாலியன்தான். "வகுப்பில் ஒன்றும் விளங்கவில்லை என்று அழுகிறான் அக்கா, டியூஷனுக்கு யாராவது இருக்கிறார்களா?" நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் டிவி இருக்கிறதா, அதில் 43ஐ எப்போதாவது அழுத்திப் பார்த்தீர்களா என்று. டிவி இருக்கும். அதில் தமிழ்ச் சேனல்கள் வரும் பெட்டி மட்டும் பொருத்தியிருக்கும். சுவரில் இருக்கும் அந்தென்னாத் துளையைச் சோபா மறைத்துக்கொண்டிருக்கும்.

43 என்பது ராய் யோயோ. இத்தாலியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ராய், சின்னப் பிள்ளைகளுக்காகவே நடத்தும் சேனல். 2006 நவம்பர் 1 அன்று ராய்சாட் யோயோ என்ற பெயரில் தொடங்கியது, 2010 மே மாதத்தில் இப்போதைய பெயருக்கு மாறியது. ஏறக்குறைய ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து நடத்துகிறார்கள். மாதச் சந்தா இல்லை, டிவி மிகப் பழையதாக இல்லாவிட்டால் பெட்டியும் வாங்க வேண்டியதில்லை. 2016 மே மாதத்திலிருந்து விளம்பரமும் இல்லை. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கம்பி

டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டத் துளைகள் ஒன்றோ இரண்டோ இருக்கும். வெளிப்புறத்தில் மரை போட்டு, திருகிப் பொருத்துவது போல இருப்பது செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கானது. மரை இல்லாமல் வழவழப்பாக, தள்ளிச் செருகுவது போல இருப்பதுதான் அந்தென்னாவுக்கு. உங்களுக்கு வேண்டியது அதுதான். சுவரில் இருக்கும் துளையிலிருந்து இதற்கு ஒரு கம்பி வேண்டும். எந்த வன்பொருள் கடையிலும், சீனக் கடையிலும் சில யூரோவுக்குக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டு முனைகளையும் கவனியுங்கள். சில சுவர்த் துளைகளுக்கு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் முனை வேண்டும், சிலவற்றுக்கு உள்ளே குழியான முனை வேண்டும். கைபேசியில் சுவரையும் டிவியின் முதுகையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டினால், மொழி தெரியாமலே வேலை முடிந்துவிடும்.

மாடிக் குடியிருப்புகளில் அந்தென்னா கூரை மேல் இருக்கும், எல்லா வீட்டுக்கும் ஒன்றே பொது. அது பழுதானால் நீங்கள் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மினிஸ்த்ராத்தோரேயிடம் சொன்னால் அந்தென்னா பழுதுபார்க்கும் அந்தென்னிஸ்தாவை அனுப்புவார். அவரிடம் போவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் கோளாறு உங்கள் சுவருக்குள்ளே இருக்கிறது.

அப்புறம் தேடல்

ரிமோட்டில் அமைப்புகளுக்குப் போனால் 'ரிச்செர்கா கனாலி' அல்லது 'சிந்தோனிஸ்ஸாட்சியோனே அவுதோமாதிகா' என்று ஒரு வரி இருக்கும். இரண்டும் ஒன்றுதான், சேனல்களைத் தானாகத் தேடச் சொல்வது. எங்கிருந்து தேட என்று டிவி கேட்கும்போது 'அந்தென்னா' அல்லது 'திஜிதாலே தெர்ரெஸ்த்ரே' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் என்பதை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, ஒன்றும் வரவில்லை என்று எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் பலர்.

நாடு எது என்றும் கேட்கும். இத்தாலியா என்று கொடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஜெர்மனியிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் தந்த பழைய டிவி என்றால் தொல்லை இங்கேதான். நாடு மாறியிருந்தால் சேனல்கள் வரும், எண்கள் தாறுமாறாக இருக்கும். 43இல் நகை விற்கும் சேனல் ஓடிக்கொண்டிருக்கும், யோயோ 812இல் கிடக்கும். சில டிவிகளில் நாட்டை மாற்ற, தொழிற்சாலை நிலைக்கே திருப்ப வேண்டிவரும்.

தேடி முடித்ததும் 'கொன்ஃப்ளித்தோ' என்ற சொல்லோடு ஒரு கட்டம் வரலாம். பயப்பட வேண்டாம். ஒரே எண்ணை இரண்டு சேனல்கள் கேட்கின்றன, யாருக்குக் கொடுக்கட்டும் என்று டிவி உங்களிடம் கேட்கிறது. உங்களுக்கு ஆர்வம் இல்லையென்றால் தானாக முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாம்.

இத்தாலியில் சேனல் எண்கள் தலைப்பு வாரியாக ஒதுக்கப்பட்டவை. நாற்பதுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்கு. 40இல் போயிங், 42இல் ராய் கல்ப், 43இல் ராய் யோயோ, 46இல் கார்ட்டூனித்தோ. போயிங் 2004 நவம்பரில் வந்தது. ராய் கல்ப் 2007இல். அவை கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. அங்கே பேச்சு வேகம், சண்டை வேகம். மொழி தெரியாத பிள்ளை படத்தை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போகும். தனியார் சேனல்களில் நிகழ்ச்சிகளுக்கு இடையே விளம்பரமும் உண்டு. நத்தார் நெருங்கும் மாதங்களில் பொம்மை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை முதலில் தெளிவாகச் சொல்லும் இத்தாலியன் வாக்கியம் 'எனக்கு அது வேண்டும்' என்பதாக இருக்கும். விளம்பரம் இல்லாத சேனலிலிருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான்.

படம் வராவிட்டால்

தேடல் சரியாக முடிந்தும் ராய் 1, யோயோ எல்லாம் இருட்டாக இருக்கிறது, அல்லது குரல் மட்டும் கேட்கிறது என்றால் டிவி பழையது. 2021 அக்டோபர் 20 அன்று ராய் தன் சிறப்புச் சேனல்களில் பலவற்றைப் புதிய படச் சுருக்க முறைக்கு மாற்றியது, யோயோவும் அதில் ஒன்று. 2022 டிசம்பரில் பழைய முறையே நிறுத்தப்பட்டது. அந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ளாத டிவிக்குத் தெக்கோடர் என்ற ஒரு சின்னப் பெட்டி போதும், முப்பது யூரோ அளவில் கிடைக்கும். கடையில் 'திவிபி தி தூவே' (DVB-T2, அடுத்த ஒளிபரப்பு முறை) உள்ளதாகக் கேளுங்கள். இப்போதைக்கு அது இல்லாமலும் யோயோ வரும், ஆனால் ஒளிபரப்பு அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2017இலிருந்து இத்தாலியக் கடைகளில் புதிதாக விற்ற டிவிகளில் அது உள்ளேயே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மலை மறைக்கும் ஊர்களில் அந்தென்னா சரிவராது. அங்கே டிஷ் வைத்து, திவூசாத் என்ற இலவசச் செயற்கைக்கோள் சேவையின் அட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு ஆள் வைத்துச் செய்வது நல்லது.

கனோனே என்ற கட்டணம்

'இலவசம் என்கிறீர்கள், மின்சாரப் பில்லில் காசு பிடிக்கிறார்களே' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது சேனலுக்கான சந்தா இல்லை, டிவி வைத்திருப்பதற்கான வருடாந்தரக் கட்டணம். பெயர் கனோனே ராய். 2016இலிருந்து மின்சாரப் பில்லோடு, ஜனவரி முதல் அக்டோபர் வரை பத்துத் தவணையாக வருகிறது. 2024இல் மட்டும் 70 யூரோவாக இறங்கியது, 2025இல் மறுபடி 90 ஆனது. நீங்கள் யோயோ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் டிவி இருந்தால் கட்ட வேண்டும். கட்டுகிறோம், பார்க்கவும் செய்வோமே.

ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான், வீட்டில் மூன்று டிவி இருந்தாலும் ஒன்றே. குடும்பம் என்றால் நகராட்சிப் பதிவேட்டில் ஒன்றாகப் பதிந்திருப்பவர்கள். கைபேசியிலும் கணினியிலும் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் மின்சார இணைப்பு உங்கள் பெயரில், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இருந்தால், டிவி இருக்கிறது என்றே அரசு எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் இல்லை என்று வருமான வரித்துறையான அஜென்ட்சியா தெல்லே என்த்ராத்தேக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனவரி 31க்குள் கொடுத்தால் முழு வருடத்துக்கும் விடுதலை. பிப்ரவரி முதல் ஜூன் 30க்குள் கொடுத்தால் பின் அரை வருடத்துக்கு மட்டும். வருடா வருடம் மறுபடி கொடுக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்தேன். டிவியே இல்லாத வீட்டில் முதல் வருடம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், அடுத்த வருடம் பில்லைப் பார்த்தபோது மார்ச் முடிந்திருந்தது. பொய்யாக இல்லை என்று எழுதிக் கொடுப்பது குற்றம், அதைச் செய்யாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் வரி வேலைகளுக்கு உதவும் காஃப் அலுவலகத்தில் நிரப்பித் தருவார்கள்.

மின்சாரம் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருந்து, டிவி மட்டும் உங்களுடையது என்றால் பில்லில் வராது. அதற்காகக் கட்ட வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. எஃப் 24 என்ற வரி கட்டும் படிவம் மூலம் நீங்களே கட்ட வேண்டும்.

இனிப் பார்ப்பது

இவ்வளவும் ஒரு பின்னேர வேலை. அசல் வேலை இனித்தான், அதைச் செய்ய வேண்டியது பிள்ளை இல்லை, நீங்கள்.

டிவியைப் போட்டுப் பிள்ளையை முன்னால் இருத்திவிட்டுச் சமைக்கப் போனால், பிள்ளை அமைதியாக இருக்கும். இத்தாலியன் வராது. பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். மற்ற நேரத்தில் சமையுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? நான் பிம்பாவைச் சொல்வேன். சிவப்புப் புள்ளி போட்ட ஒரு நாய்க்குட்டி, 1975இல் ஓவியர் அல்தான் உருவாக்கியது. வீட்டில் அர்மாந்தோ என்ற மனிதர் இருக்கிறார். மரம், நிலா, நாற்காலி எல்லாம் அவளோடு பேசும். பேச்சு மெதுவானது, வாக்கியம் சிறியது, ஒரு கதை சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெப்பா என்ற பன்றிக்குட்டியும் மாஷா என்ற சிறுமியும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த முகங்கள் என்பதால் அவற்றைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, கதை தெரியும், மொழி மட்டும் புதிது. 1990இலிருந்து வரும் 'லால்பெரோ அத்ஸூர்ரோ' வேறு வகை. தோதோ என்ற பறவைப் பொம்மையோடு பெரியவர்கள் நேருக்கு நேர் பேசுவார்கள். உண்மையான வாய் எப்படி அசைகிறது என்று பிள்ளை பார்க்க முடியும், கார்ட்டூனில் அது கிடைக்காது.

ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். நமக்குத்தான் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. ஒளிபரப்பில் அதே பகுதி வரும்வரை காத்திருக்க முடியாது, அதற்கு ராயின் இணையச் சேவையான ராய்பிளே உதவும். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் ஸ்மார்ட் டிவியிலும் கணினியிலும் காசில்லாமல் பார்க்கலாம். கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் ராய்பிளே யோயோ என்று பிள்ளைகளுக்கான தனிச் செயலியே இருக்கிறது. ஆனாலும் நான் பெரிய திரையைத்தான் சொல்வேன். டேப்லெட் என்றால் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும், நீங்கள் பக்கத்தில் உட்கார முடியாது.

முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாவது முறை, பாத்திரம் ஒரு சொல்லைச் சொன்னதும் நிறுத்தி நீங்கள் அதைச் சொல்லுங்கள், பிழையாகவே சொல்லுங்கள். பிள்ளை திருத்தும். என் மகள் ஐந்து வயதில் முதன்முதலாக ஒரு முழு இத்தாலிய வாக்கியம் பேசியது என்னைத் திருத்துவதற்காகத்தான். 'அஸ்பெத்தா' (பொறு) என்பதை நான் 'அஸ்பேதா' என்று சொல்லிவிட்டேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியையான மயெஸ்த்ராவின் அதே குரலில், "நோ, மம்மா, நொன் சி தீச்சே கொஸி" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாதாம்.

பார்த்த கதையைப் பற்றி அப்புறம் தமிழில் கதையுங்கள். நாய்க்குட்டி ஏன் கோபித்தது, நிலா என்ன சொன்னது என்று. வீட்டிலும் இத்தாலியனில் பேசினால் சீக்கிரம் வரும் என்று நினைத்து, தமக்கே சரியாக வராத இத்தாலியனில் பிள்ளையோடு பேசும் பெற்றோரைப் பார்க்கிறேன். பிள்ளைக்குக் கடைசியில் நம் பிழைகள்தான் கிடைக்கும், தமிழும் போய்விடும். இத்தாலியனை டிவியும் பள்ளிக்கூடமும் கொடுக்கட்டும், கதையைப் பிரித்துப் பேசுவது உங்கள் மொழியில் நடக்கட்டும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். கைபேசி, டேப்லெட் பற்றி இத்தாலியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணிநேரத்துக்குள், ஐந்திலிருந்து எட்டு வரை இரண்டு மணிநேரத்துக்குள், சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் முன்னும் கூடாது. நான் டிவிக்கும் அதையே வைத்திருக்கிறேன். இந்த நாட்டுப் பாட்டிமாருக்கு இதில் சொந்த அளவுகோல் உண்டு. 1957 முதல் 1977 வரை இரவில் கரோசெல்லோ என்ற விளம்பர நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது, அது முடிந்ததும் பிள்ளைகள் படுக்கைக்குப் போக வேண்டும். எங்கள் மூன்றாம் மாடி அம்மா இன்றும் தன் பேரனை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதட்டுகிறார். அவன் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை.

தெரு மொழியும் டிவி மொழியும்

பலெர்மோவில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக. பல்லரோ சந்தையில் வியாபாரிகள் கூவுகிறார்களே, அப்பன்னியாத்தா என்பார்கள், அது சிசிலி மொழி. அங்கே பிள்ளை 'பிச்சிரித்து', டிவியிலும் பள்ளிக்கூடத்திலும் 'பம்பீனோ'. தெருவில் 'அமுனீ' என்றால் போவோம், டிவியில் 'அந்தியாமோ'. என் மகன் தெருவில் விளையாடி அமுனீயைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் தவறில்லை, இந்த ஊர்க்காரர்களே இரண்டையும் வைத்திருக்கிறார்கள். எது எங்கே என்று காது பிரித்தறிய, டிவியின் மொழி ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும்.

சொல்லப்போனால் டிவி பார்த்து இத்தாலியன் படித்தவர்களில் நாம் முதல் ஆட்கள் இல்லை. இத்தாலியர்களே அப்படிப் படித்தவர்கள்தான். 1960 முதல் 1968 வரை அல்பெர்தோ மன்ஸி என்ற ஆசிரியர் ராயில் தோன்றி, பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அவரவர் ஊர்ப் பேச்சு மட்டுமே அறிந்திருந்த மக்களுக்குப் பொது மொழியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் டிவிக்குப் பெரிய பங்கு உண்டு என்று இத்தாலிய மொழியியலாளர் தூல்லியோ தெ மவுரோ எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பின்னே, என் அம்மா எங்கே படித்தார் என்று நினைத்தாய்?" என்றார்.

கொப்பி ஒன்று

ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல், அதற்கு மேல் வேண்டாம். பள்ளியில் உடனே தேவைப்படுபவை முதலில்: ட்ஸாய்னோ என்றால் புத்தகப்பை, மெரெந்தா என்றால் இடைவேளைத் தின்பண்டம், கிரெம்பியூலே என்றால் சட்டைக்கு மேல் போடும் பள்ளி அங்கி. தொக்கா அ மே என்றால் இப்போது என் முறை, விளையாட்டில் இது இல்லாமல் முடியாது. 'மி ஸ்காப்பா லா பிப்பீ' என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். சிறுநீர் முட்டுகிறது என்று பிள்ளைகள் சொல்வது இப்படித்தான்.

தமிழில் எழுதிவைப்பதில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. இத்தாலியனில் இரட்டித்த மெய் பொருளை மாற்றும். பல்லா என்றால் பந்து, பாலா என்றால் மண்வெட்டி. நொன்னோ தாத்தா, நோனோ ஒன்பதாவது. வேறு நாட்டவர் இதற்குத் திணறுவார்கள். பட்டத்தையும் பாடத்தையும் பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இது கைவந்த விஷயம், எழுத்திலும் அப்படியே உட்காரும். (கடையில் பென்னே என்ற பாஸ்தா வாங்கும்போதும் ன்-ஐ அழுத்தியே சொல்லுங்கள். அழுத்தாவிட்டால் கடைக்காரர் ஏன் சிரிக்கிறார் என்று பிள்ளையிடம் விசாரிக்க வேண்டாம்.)

வம்பு வேறிடத்தில். என் முதல் கொப்பியில் ஒரு பக்கத்தில் 'பாஸ்தா: போதும்' என்று இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி 'பாஸ்தா: மாவுணவு'. மாவுணவு என்றால் உதட்டை மட்டும் பிரித்துச் சொல்வது, போதும் என்றால் தொண்டையும் அதிரச் சொல்வது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. கல்லோவும் அப்படித்தான், அதிர்ந்தால் சேவல், அதிராவிட்டால் காலில் விழும் ஆணி. 'வா வா, சீக்கிரம்' என்று அவசரப்படுத்தும் சொல்லை எழுதினால் 'தாய்' என்று வந்து நிற்கும். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிரும் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். பம்பரத்தின் முதல் ப-வுக்கும் நடு ப-வுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று சொன்னால் அம்மம்மாவுக்குக்கூட விளங்கும்.

கேட்டது சொல்லா, இரண்டு சொல் ஒட்டியதா என்று தெரியாதபோது சப்டைட்டில் உதவும். ராய் சேனல்களில் சப்டைட்டில் உள்ள நிகழ்ச்சிகளுக்கு, ரிமோட்டில் டெலிடெக்ஸ்ட் பொத்தானை அழுத்தி 777 கொடுக்க வேண்டும். எல்லா நிகழ்ச்சிக்கும் வராது. வந்தால், அந்தச் சொல்லைப் பார்த்து இத்தாலிய எழுத்திலேயே கொப்பியில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறேழு மாதத்தில் பிள்ளை உங்களுக்காக நிறுத்தி விளக்கம் சொல்லத் தொடங்கும், பிறகு 43 குழந்தைச் சேனல் என்று சொல்லி 42க்கோ 40க்கோ தாவும். தாவட்டும். நீங்கள் 43லேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள், செய்திச் சேனலின் வேகத்துக்குக் காது இன்னும் வந்திருக்காது.

ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: ராய்பிளேயில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இத்தாலிக்கு வெளியே ஓடாது, யாழ்ப்பாணத்தில் திறந்தால் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று சொல்லிவிடும். பெட்டியில் கொப்பியை வையுங்கள்.